அக்காவால் மட்டும் வாசிக்க முடிந்த கடிதங்கள்

எங்கள் வீட்டுக் கணினியின் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய்த் தேத்தண்ணீர் ஊற்றிக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் அது முழுதாய் விழித்துக்கொள்ளும். போன வருடம் மழை தொடங்கியபோது அந்த விழிப்பும் போய்விட்டது. பாதி விழித்துவிட்டு நீலத் திரையைக் காட்டி நின்றுவிடும். இரும்புக்காரனிடம் கொடுத்துவிடலாமே என்றாள் என் மனைவி. நான் மாட்டேன் என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. அது எங்கள் கல்யாணத்துக்கு முன்னிருந்தே என்னோடு இருக்கிறது.

உண்மையில் அது என்னோடு இருந்ததைவிட அக்காவோடு இருந்த காலம்தான் முக்கியம். அக்கா என்னைவிட மூன்று வயது மூத்தவள். டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், வளர்ந்தோம். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை, அம்மா கொழுந்து எடுப்பவள். கொழும்பில் ஒரு அலுவலகத்தில் காவலுக்கு இருந்த சித்தப்பா, அங்கே கழித்துப் போட்ட கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, பழைய போர்வையில் சுற்றி ரயிலில் ஹட்டன் வரைக்கும் கொண்டு வந்து சேர்த்தார். அக்கா அப்போது ஹட்டனில் ஆறு மாதம் டைப்பிங் படித்து முடித்திருந்தாள். எங்கள் ஒற்றை அறைக் காம்பராவின் முன்பக்கத்து மூலையில், அம்மா மா வாளி வைக்கும் பலகையின் மேல் அந்தக் கணினி உட்கார்ந்தது. பிறகு வந்த வருடங்களில் அதற்குள் இருந்தவை ஒவ்வொன்றாகச் செத்து, ஒவ்வொன்றாக மாற்றப்பட்டன. சேமித்து வைத்தவை மட்டும் பழைய டிஸ்க்கிலிருந்து புதிய டிஸ்க்குக்கு மாறிக்கொண்டே வந்தன.

ஒரு வியாழக்கிழமை நான் படிப்பிக்கும் பாடசாலை விட்டதும் கணினியைப் பொலித்தீனில் சுற்றி, ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு ஹட்டனுக்குப் போனேன். கணினி திருத்தும் கடையை நடத்துவது ஒரு சிங்களப் பெண். என் வயதிருக்கும். நான் அவளை மிஸ் என்பேன், அவள் என்னை சேர் என்பாள். பாதி சிங்களமும் பாதி தமிழுமாகப் பேசிக்கொள்வோம். அவள் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, டிஸ்க் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றும், எல்லாவற்றையும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்றும் சொன்னாள். அழிக்கும் முன் வேண்டியதையெல்லாம் வெளி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி, எது எது வேண்டும் என்று கேட்டாள்.

எனக்கு எடுத்தெடுத்துச் சொல்லத் தெரியவில்லை. எல்லாம் வேண்டும் என்றேன். படங்கள், கடிதங்கள், வினாத்தாள்கள், எங்கள் கல்யாண வீடியோ என்று அவள் ஒவ்வொன்றாகத் திறந்து காட்டி எடுத்தாள். கடிதங்கள் என்ற ஃபோல்டரில் நானூற்றுச் சொச்சம் ஃபைல்கள் இருந்தன. பச்சைக்கோடு மெதுவாக ஊர்ந்து அவற்றைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதை நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் புதிய விண்டோஸைப் போட்டு, மாலை கடை மூடும் நேரத்துக்கு என் கையில் தந்தாள்.

மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை. பாடசாலை இல்லை. காலையில் கணினிக்கு வயர்களையெல்லாம் மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். தேத்தண்ணீருக்குத் தண்ணீர் கொதிக்கும் முன்பே அது திறந்துவிட்டது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். பிறகு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டு, கடிதங்களில் ஒன்றைத் திறந்தேன்.

தமிழ் இல்லை. இங்கிலீஷ் எழுத்துகள் கன்னாபின்னாவென்று கிடந்தன. நடுநடுவே அரைப்புள்ளியும் கமாவும். அடுத்ததைத் திறந்தேன், அதுவும் அப்படியே. பத்துப் பதினைந்தைத் திறந்து பார்த்தும் ஒரு சொல்கூட வாசிக்க முடியவில்லை. என் வினாத்தாள்கள் சரியாக இருந்தன, அவை பிற்காலத்தில் நான் வேறு விதமாக அடித்தவை. அக்கா அடித்தவை மட்டும்தான் இப்படி. கடைக்கு அழைத்தேன். போயா நாள், யாரும் எடுக்கவில்லை.

நான் உட்கார்ந்துகொண்டேன். அந்தக் கடிதங்களை வருடக்கணக்கில் திறந்துகூடப் பார்த்ததில்லை. இருந்தும், ஓடும் பஸ்ஸில் எதையோ விட்டுவிட்டு இறங்கியவன் மாதிரி இருந்தது. திரையை ஃபோனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பி, எல்லாம் பழுதாகிப் போச்சு என்று எழுதினேன்.

அக்கா மஸ்கெலியாவில் இருக்கிறாள். மச்சானுக்குத் தையல் கடை, இவளும் தைக்கிறாள். ஐந்து நிமிடத்தில் அவளுடைய குரல் பதிவு ஒன்று வந்தது. பின்னால் தையல் மெஷின் ஓடும் சத்தம். நிதானமாக வாசித்தாள்.

"மதிப்புக்குரிய ஐயா, எங்களது லயத்தின் கூரைத் தகரங்கள் பழுதடைந்து மழைக்காலத்தில் நீர் ஒழுகுவதால், பிள்ளைகள் புத்தகங்களை வைப்பதற்குக்கூட இடமின்றி..."

நான் அதை மூன்று தடவை கேட்டேன். பிறகு அழைத்து, எப்படி வாசித்தாய் என்று கேட்டேன். எத்தனை வருசம் அடிச்சேன், விரலுக்குத் தெரியாதா என்றாள். எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று இருந்தால் அது அம்மா, அவ்வளவுதான் என்றாள். அவள் படித்த கீபோர்டில் இங்கிலீஷ் எழுத்துதான் அச்சடித்திருக்கும். எந்தச் சாவியில் எந்தத் தமிழ் எழுத்து வரும் என்பதை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தாள். இரண்டு மாதத்தில் அந்தத் தாளைக் கிழித்துவிட்டாள். மற்றக் கடிதங்களையும் படமெடுத்து அனுப்பட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், நாளைக்குச் சனிக்கிழமைதானே, நானே வர்றேன் என்றாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்துக்கு மேலாகியிருந்தது. சண்டை எதுவும் இல்லை. தையல் கடைக்கு லீவு இல்லை, எனக்கும் பின்னேர வகுப்புகள். மஸ்கெலியாவிலிருந்து ஹட்டன் போகிற பஸ் நாங்கள் இருக்கும் டிக்கோயாவைக் கடந்துதான் போகும். அப்படியிருந்தும் அவள் இறங்காமலே எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறாள்.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கடைக்காரப் பெண் அழைத்தாள். நான் விசயத்தைச் சொல்ல ஆரம்பித்ததுமே சிரித்தாள். ஃபைல்களுக்கு ஒன்றுமே ஆகவில்லை, பழைய தமிழ் ஃபொன்ட் விண்டோஸோடு சேர்ந்து அழிந்துவிட்டது, அதைத் திரும்பப் போட்டால் எல்லாம் தெரியும், இன்டர்நெட்டில் கிடைக்கும், இரண்டு நிமிட வேலை என்றாள். சிங்களத்திலும் இதே கூத்துதான் என்றாள். நான் நன்றி சொல்லி வைத்தேன்.

அக்கா அப்போது பஸ் ஏறியிருக்க மாட்டாள். அழைத்துச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு நாள் வேலை மிஞ்சியிருக்கும். நான் அழைக்கவில்லை.

பத்து மணிக்கு வந்தாள். கையில் குடையும் ஒரு பையும். வந்ததும் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினாள், தேத்தண்ணீர் குடித்தாள், பிறகு கணினிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவள் வாசித்தாள்.

முதலில் எழுத்துக் கூட்டுகிற பிள்ளை மாதிரி தடுக்கித் தடுக்கி வாசித்தவள், நாலாவது கடிதத்துக்குள் வேகம் பிடித்துவிட்டாள். பேர்த் சர்டிபிகேட்டில் ஒரு பெயரும் பாடசாலைப் பதிவில் வேறொரு பெயருமாக, அடையாள அட்டை எடுக்க முடியாமல் அலைந்த ஒருவரின் மனு. அவர் நாலு தடவை வந்து நாலு விதமாகத் தன் பெயரைச் சொன்னதை அக்கா நினைவுபடுத்தினாள். கடைசித் தடவை, உங்களுக்கு எந்தப் பேர் பிடிக்குமோ அதையே போட்டுடுவோம் என்று இவள் சொல்ல, அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு, அம்மா கூப்பிட்ட பேரைப் போடுங்க என்றாராம். கோயில் தேர் நோட்டீஸ் ஒன்று வந்தது. ஒரு சடங்கு வீட்டு அழைப்பிதழ் வந்தது. அதில் மாமன் பெயரை விட்டுவிட்டு அடித்ததும், மாமன் கோபித்துக்கொண்டதும், இவள் முந்நூறு அழைப்பிதழிலும் பேனாவால் பெயர் எழுதியதும் எனக்கும் நினைவிருந்தது. அம்மாவும் நானும்கூட உட்கார்ந்து எழுதினோம். அம்மாவுக்கு எழுத வராது. அவள் மை காய ஊதிக்கொடுத்தாள்.

அந்தக் காலத்தில் பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு ஆட்கள் முதுகில் கூடையோடேயே எங்கள் வாசலுக்கு வருவார்கள். சொல்ல வேண்டியதை நின்றுகொண்டே சொல்லுவார்கள். உட்காரச் சொன்னால் உடுப்பு ஈரம் என்பார்கள். புருஷன் வெளிநாட்டில் இருந்த ஒரு இளம்பெண் மாதம் ஒரு தடவை வருவாள். நாலு வரி சொல்லுவாள், பிறகு குரலைத் தாழ்த்தி ஏதோ சொல்லுவாள், உடனே அதை எழுதாதீங்க என்பாள். அவளுடைய கடிதம் ஒன்றை அக்கா வாசித்துக்கொண்டே வந்து திடீரென்று நின்றுவிட்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உங்கள் சட்டையைத்தான் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரி, அக்கா இத எழுதாதீங்க.

அந்தப் பெண் சொன்ன வேகத்தில் அக்கா அதையும் சேர்த்து அடித்திருக்கிறாள். அப்படியே அச்செடுத்து, அப்படியே கடல் கடந்து போயிருக்கிறது. என் மனைவி சமையலறையிலிருந்து வந்து என்னவென்று கேட்டாள். சொன்னதும் அவளும் கதவில் சாய்ந்து சிரித்தாள். அந்தப் புருஷன் அடுத்த வருடமே ஊருக்கு வந்துவிட்டதாகவும், இதனால்தானோ என்னவோ என்றும் அக்கா சொன்னாள்.

ஒரு மணி நேரம் போயிருக்கும். கடிதங்கள் ஃபோல்டருக்குள்ளேயே இருந்த இன்னொரு சிறிய ஃபோல்டரைத் திறந்தேன். அதில் இருந்த ஒரு ஃபைலைத் திறந்ததும் அக்கா வாசிக்கவில்லை. கண் மட்டும் மேலிருந்து கீழே போனது.

"இதுல ஒன்னுமில்ல. அடிச்சுப் பழகினது. அடுத்ததுக்குப் போ" என்றாள்.

நான் உடனே அடுத்ததுக்குப் போகவில்லை. அந்தக் கந்தலில் என்னால் வாசிக்க முடிந்தவை இலக்கங்கள் மட்டும். எழுத்துத்தான் மாறிப் போயிருந்தது, இலக்கங்கள் அப்படியே இருந்தன. நடுவில் ஒரு அடையாள அட்டை இலக்கம் இருந்தது. எங்கள் நாட்டில் பழைய அட்டை இலக்கம் பிறந்த வருடத்தில் தொடங்கும். பெண்களுக்கு அடுத்த மூன்று இலக்கம் ஐந்நூறுக்கு மேலே இருக்கும். அது அக்கா பிறந்த வருடம். ஐந்நூறுக்கு மேலே. நான் அதை மூடினேன்.

இன்னும் சில கடிதங்கள் வாசித்தாள். ஆனால் பழைய உற்சாகம் இல்லை. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, தன் பையை எடுத்து மடியில் வைத்து, உள்ளேயிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தாள். அதில் அந்தப் பழைய ஃபொன்ட் இருக்கிறது, போட்டுப் பார் என்றாள். மச்சான் கடைக்குப் பில் புத்தகம் அடிப்பதற்காக எப்போதோ எடுத்து வைத்ததாம்.

நான் குற்ற உணர்வோடு, காலையிலேயே கடைக்காரப் பெண் சொல்லிவிட்டாள் என்றேன்.

"ஃபொன்ட் இல்லன்னா இப்படித்தான் வரும்னு நேத்து உன் படத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா. "ஃபோன்ல சொன்னா நீ நன்றின்னு சொல்லிட்டு வச்சிருப்பே."

ஃபொன்ட்டைப் போட்டேன். கடிதத்தைத் திறந்தால் தமிழ். வளைவும் சுழியுமாக, அந்தக் காலத்து அச்சுக்கடை நோட்டீஸ்களில் பார்த்த அதே எழுத்து. இருவரும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மத்தியானம் சோறும் பருப்பும் கருவாட்டுக் குழம்பும். சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால், அக்கா மறுபடியும் கணினி முன்னால் இருந்தாள். அந்தச் சிறிய ஃபோல்டர் திறந்திருந்தது. ஒரு ஃபைல் குறைந்திருந்தது. குப்பைத் தொட்டியையும் காலி செய்துவிட்டிருந்தாள். நான் கவனிக்காத மாதிரி அவளுக்குத் தேத்தண்ணீர் கொடுத்தேன். மூன்று மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அடுத்த தடவை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னாள் என் மனைவி, சரி என்றாள்.

அவள் அழித்தது கணினியில் இருந்ததை. ஹார்ட் டிஸ்க்கில் இன்னொன்று இருந்தது. அதைத்தானே பேக்கப் என்கிறோம்.

ஒரு வாரம் அதைத் தொடவில்லை. அவள் மறைக்க நினைத்ததை நான் ஏன் பார்க்க வேண்டும் என்று இருந்தது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மனைவி சந்தைக்குப் போயிருந்தபோது திறந்தேன்.

ஆசிரிய உதவியாளர் பதவிக்கான விண்ணப்பத்தோடு வைக்கும் கடிதம் அது. அனுப்புநர் இடத்தில் அக்காவின் பெயர். எங்கள் லயத்து முகவரி. அவளுடைய உயர்தரப் பரீட்சைப் பெறுபேறுகள், அவை என்னுடையவற்றைவிட நல்லவை. மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்கள் எடுத்த அந்த வருடம்தான் நானும் விண்ணப்பித்தேன். என் கடிதத்தையும் அவள்தான் அடித்தாள். அந்தப் பின்னேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீ சொல்லு, நான் அடிக்கிறேன் என்றாள். எனக்குச் சொல்லவே வரவில்லை. அவள்தான் வரி வரியாக எடுத்துக் கொடுத்தாள். கொழுந்து பறித்த கைகளால் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட பிள்ளை நான், அந்தக் கைகளின் பிள்ளைகளுக்கே கற்பிக்க விரும்புகிறேன் என்று ஒரு வரி அதில் உண்டு. நேர்முகப் பரீட்சையில் ஒரு பெரியவர் அந்த வரியை உரக்க வாசித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். இன்றைக்கும் யாராவது நான் எப்படி ஆசிரியரானேன் என்று கேட்டால் அதைத்தான் சொல்லுவேன்.

அந்த வரி அக்காவின் கடிதத்தில் இருந்தது. அதில் போட்டிருந்த தேதி என்னுடையதற்கு இரண்டு நாள் முந்தியது. அவள் தனக்கு எழுதியதை எனக்கு வாசித்திருக்கிறாள். நான் அவளுக்கு எவ்வளவு சுலபமாகச் சொற்கள் வருகின்றன என்று வியந்துகொண்டு பக்கத்தில் இருந்திருக்கிறேன்.

அவளை அழைத்தேன். ஞாயிறு என்பதால் மெஷின் சத்தம் இல்லை. சுற்றி வளைக்காமல், பேக்கப்பில் அந்தக் கடிதம் இருந்தது, வாசித்துவிட்டேன் என்றேன்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்த பிறகுதான் நெனைச்சேன், இவன் ரெண்டு இடத்துல வச்சிருப்பானேன்னு" என்றாள்.

ஏன் அனுப்பவில்லை என்று கேட்டேன். அம்மா அப்போது டிக்கோயா ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குப் படுத்திருந்தாள், ஞாபகமில்லையா என்றாள். ஞாபகம் இருந்தது. அப்பாவுக்கு இரவு ஷிஃப்ட், நான் நேர்முகப் பரீட்சைக்கு முன்கூட்டியே படிக்கிறேன் என்று புத்தகத்தோடு திரிந்தேன். அக்காதான் வார்டில் இருந்தாள். வீட்டுக்கு வந்தாலும் அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க ஆள் வேண்டும், பயிற்சிக்கு இரண்டு பேரும் போய்விட்டால் யார் இருப்பது என்று அவளே கணக்குப் போட்டிருக்கிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டு வைத்திருந்தாளாம். முடிவுத் திகதி வார்டில் இருக்கும்போதே போய்விட்டதாம்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அக்கா."

"சொல்லியிருந்தா நீயும் போட்டிருக்க மாட்டே" என்றாள்.

அது உண்மையா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. நான் போட்டிருப்பேன் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அவள் என்னைப் பற்றி நினைத்த அளவுக்கு நான் நல்லவனாக இருந்தேனா என்று சொல்ல முடியாது.

அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் நடந்தபோது, கணினியைக் கொண்டு போகட்டுமா என்று அவள் அப்பாவிடம் கேட்டதும் நினைவுக்கு வந்தது. தம்பி ஆசிரியர் கலாசாலைக்குப் படிக்கிறான், அவனுக்கு வேணும் என்றார் அப்பா. சரிப்பா என்றாள். கீபோர்டின் தூசியைத் துடைத்து, மேலே துணி போட்டு மூடிவிட்டுப் போனாள்.

அதற்காகவும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் மழையா என்று கேட்டாள். இரண்டு நாளாக விடவேயில்லை என்றேன். மஸ்கெலியாவில் நீர்த்தேக்கம் நிறைந்து கிடக்கிறதாம், நீர் வற்றியபோது கரையில் தெரிந்த பழைய கோயில் மறுபடி மூழ்கிவிட்டதாம். ஃபோனை வைக்கப்போகிறாள் என்று தெரிந்ததும், அந்த ஃபைலை என்ன செய்யட்டும் என்று அவசரமாகக் கேட்டேன்.

"அன்னைக்கு நீ பார்த்துடுவேன்னு பயத்துல அழிச்சேன். இப்பத்தான் பார்த்துட்டியே. இருக்கட்டும்" என்றாள். பிறகு, அதில் ஒரு எழுத்துப் பிழை இருக்கும், கற்பிக்க என்ற இடத்தில் ஒரு 'க்' விட்டுப் போயிருக்கும், அச்செடுத்த பிறகுதான் கண்டேன், அதை மட்டும் திருத்தி வை என்றாள்.

தேடிப் பார்த்தேன். கடைசிக்கு முந்தைய வரியில் பிழை இருந்தது. விசைப்பலகையில் அந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளையே மறுபடி அழைத்துக் கேட்டுத் திருத்தினேன்.